புதுப்பிப்பு: வயல் கணக்குக்குப் பேனையா, பென்சிலா?

கிளிநொச்சி வெயிலில் வயல் கணக்குக் கொப்பி எழுத எது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் ஜெல் பேனை என்றீர்கள், சிலர் சூட்டி என்ற குமிழ்முனைப் பேனை, ஒரே ஒரு அண்ணை பென்சில். சரி, எல்லாவற்றாலும் எழுதிப் பார்த்தாயிற்று.

ஜெல் பேனை வழுக்கிக்கொண்டு ஓடும், எழுத்தும் அழகு. ஆனால் அந்த மை தண்ணீர் சேர்ந்தது. வியர்த்த கை பட்டால் 3 எது, 8 எது என்று தெரியாது. கூலிக் கணக்கில் அது சண்டையில்தான் முடியும். சூட்டியின் மை எண்ணெய்ப் பிடிப்பானது, ஈரத்துக்கு லேசில் அசையாது. கடன் கொடுத்தால் கையெழுத்து வாங்க அதுதான். என்ன, கொப்பியைச் சுவரில் வைத்து எழுதினால் மை இறங்காது. சாதாரணக் குமிழ்முனைப் பேனை எல்லாமே அப்படித்தான்.

வரம்பில் நின்று குறிக்கப் பென்சிலை மிஞ்ச ஒன்றுமில்லை. கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த முனை. மழையில் ஊறாது, வெயிலில் வெளிறாது. 2பி என்ற மெதுவான முனைப் பென்சில் கறுப்பாக விழும், ஆனால் சீவிச் சீவியே பாதி போய்விடும். நான் அதைவிடக் கொஞ்சம் கடினமான எச்பியோடு நின்றுவிட்டேன்.

பென்சில் சொன்ன அண்ணை, நீங்கள் எங்கே வாங்குகிறீர்கள்? எனக்குக் கிடைப்பது கட்டரில் வைத்ததுமே முனை உடைகிறது.