‘சும்மா நிற்காதே’, ‘எதையும் தொடாதே’: தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழுவில் புதியவர் என்னதான் செய்வது?

கேள்வி: கடைநிலை உதவியாளர்

அனைவருக்கும் வணக்கம். நெடுந்தொடர் ஒன்றின் தயாரிப்புக் குழுவில் இயக்குநர் பிரிவின் கடைசி உதவியாளராக அண்மையில் சேர்ந்திருக்கிறேன். படித்த இடத்தில் கேமராவின் நுணுக்கங்களையும் படத்தொகுப்பு மென்பொருளையும் கற்றுத் தந்தார்கள். பல பிரிவுகள் ஒரே நேரத்தில் இயங்கும் தளத்தில் எங்கே நிற்பது, யாரிடம் எதைக் கேட்பது என்பதைக் கற்றுத் தரவில்லை. ஒருவர் ‘சும்மா நிற்காதே’ என்கிறார். சரி என்று ஒரு நாற்காலியை ஓரமாக நகர்த்தப் போனால், ‘அதைத் தொடச் சொன்னது யார்?’ என்று இன்னொருவர் கேட்கிறார். இந்த இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது எப்படி என்பதே என் முதல் ஐயம்.

அடுத்த வாரம் முதல் கிளாப் பலகையை (ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் காட்சி எண்ணைக் காட்டித் தட்டும் பலகையை)க் கையாளும் பொறுப்பும், காட்சித் தொடர்ச்சியைக் குறித்துக்கொள்பவருக்கு உதவும் பொறுப்பும் என்னிடம் வரவிருக்கின்றன. கிளாப் அடிப்பது எளிய வேலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் படத்தொகுப்பு அறையிலிருந்து வரும் புகார்களில் பாதி அதைப் பற்றியே இருப்பதாகவும் அவர்களே சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: இணை இயக்குநர்

நண்பரே, உங்கள் பிரிவின் வேலையை நீங்களே தேடிச் செய்ய வேண்டும், அடுத்த பிரிவின் பொருளைத் தொடக் கூடாது என்பதைத்தான் அந்த இரண்டு அதட்டல்களும் சொல்கின்றன. தளத்தில் கிடக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அந்த நாற்காலி கலைப் பிரிவினுடையது. முந்தைய ஷாட்டில் அது நின்ற இடம் பதிவாகிவிட்டதால், அரையடி நகர்ந்திருந்தாலும் இரண்டு ஷாட்டுகளையும் ஒட்டிப் பார்க்கும்போது நாற்காலி தாவியதுபோல் தெரியும். விளக்குத் தாங்கியின் காலில் கிடக்கும் மணல் மூட்டை நடப்பதற்கு இடைஞ்சலாகத் தோன்றலாம், ஆனால் அதை எடுத்துவிட்டால் மேலே நீண்டிருக்கும் விளக்கின் எடையில் தாங்கியே சரியக்கூடும். உதவியே ஆக வேண்டும் என்று தோன்றினால் அந்தப் பிரிவினரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே வந்து நகர்த்திக்கொள்வார்கள்.

உங்கள் பிரிவு கையாள்வது தகவலை. முந்தைய நாளே வந்துவிடும் அட்டவணைத் தாளை நேரம் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், மனத்தில் பதியுமாறு படியுங்கள். படமாக்கும் வரிசை கதையின் வரிசையாக இருப்பதில்லை. ஒரே அறையில் நிகழும் காட்சிகளைச் சேர்த்து எடுப்பதால், 12ஆம் காட்சி முடிந்தவுடன் 47ஆம் காட்சி வரலாம், கதையில் அது வேறொரு நாளாக, வேறு உடையும் வேறு சிகை அலங்காரமும் கொண்டதாக இருக்கலாம். அடுத்த ஷாட்டில் யார் யார், அவர்களில் ஒப்பனை முடிந்தவர் யார், உடை மாற்ற வேண்டியவர் யார் என்று கேட்கப்படும்போது தாளைப் புரட்டாமல் சொல்ல முடிந்தால், உங்களை யாரும் சும்மா நிற்பவராகக் கருதமாட்டார்கள்.

நிற்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தளத்தை நடத்தும் முதன்மை உதவி இயக்குநரின் குரல் எட்டும் தொலைவில், கேமராவுக்குப் பின்னால், நடிகரின் பார்வைக் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். எதிரே இல்லாத ஒருவரைப் பார்த்து உருகிப் பேசிக்கொண்டிருக்கும் நடிகரின் கண்ணில், கையில் தாளுடன் கொட்டாவி விடும் உதவியாளர் படுவது நல்லதல்ல.

வாக்கி-டாக்கியில் பேசுவதற்குத் தனி மொழி எதுவும் வேண்டாம். பொத்தானை அழுத்தி, ஒரு கணம் பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். இல்லையென்றால் முதல் சொல் வெட்டுப்பட்டுவிடும். உங்களுக்கு வந்த கட்டளையைக் கேட்டுக்கொண்டதாக உடனே பதில் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் சொன்னவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார், அதற்குள் வேறு இருவர் அதே வேலைக்கு ஓடியிருப்பார்கள். இவற்றையெல்லாம் விட முக்கியமானது, நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வது. நடிகர் ஒப்பனை நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்று சமாளிக்கும் பழக்கம் எங்கள் தொழிலின் பழைய நோய். 20 நிமிடம் ஆகும் என்று உண்மையைச் சொன்னால், அந்த இடைவெளியில் இயக்குநர் வேறொருவரின் அண்மைக் காட்சியையோ (குளோசப்), கைபேசித் திரையையோ எடுத்து முடித்துவிடுவார். ‘இதோ வந்துவிட்டார்’ என்று சொன்னால் அதே 20 நிமிடத்தை முழுக் குழுவும் கைகட்டி நின்று கழிக்கும்.

மறுமொழி 2: படத்தொகுப்பாளர்

புகார் அனுப்பும் அறையிலிருந்து எழுதுகிறேன். பல படப்பிடிப்புகளில் படம் கேமராவிலும் ஒலி தனிக் கருவியிலும் பதிவாகின்றன. பலகையின் இரு சட்டங்களும் சேரும் ஃபிரேமையும் (வீடியோவின் ஒற்றைப் படத்தையும்), அந்த ஓசை ஒலிப்பதிவில் எழும்பும் இடத்தையும் பொருத்தித்தான் நாங்கள் உதட்டசைவையும் குரலையும் இணைக்கிறோம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமின் நீளம் 40 மில்லி நொடி; சில ஃபிரேம்கள் விலகினாலே பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தத் தொடங்கும். இப்போது படத்திலும் ஒலியிலும் ஒரே நேரக் குறியைப் பதியும் டைம்கோட் கருவிகள் இந்த வேலையைத் தாமாகவே செய்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்று பிசகிய நாளில் எங்களைக் காப்பாற்றுவது பலகை மட்டுமே.

ஆகவே கேமரா ஓடத் தொடங்குவதற்கு முன்பே பலகை கேமராவின் பார்வைக்குள் இருக்கட்டும். எழுத்து குவியத்தில் தெளிவாகத் தெரியவேண்டும், விளக்கொளியில் பளபளத்து மறையக் கூடாது. காட்சி, ஷாட், டேக் (அதே ஷாட்டை எத்தனையாவது முறை எடுக்கிறோம் என்பது) எண்களை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு அடியுங்கள். அடித்தபின் ஒரு கணம் அசையாமல் பிடித்துவிட்டு விலகுங்கள். ஓடிக்கொண்டே அடிப்பவரின் பலகையில் எங்களுக்குக் கிடைப்பது வெள்ளைத் தீற்றல்தான். நடிகரின் முகத்தருகே அடிக்க நேர்ந்தால் மெல்லத் தட்டினால் போதும், மைக் அருகில்தான் இருக்கிறது. ஒலி பதியாத ஷாட்டில் சட்டங்களுக்கிடையே விரலை வைத்துக் காட்டினால், இல்லாத ஒலிக்கோப்பை நாங்கள் தேடமாட்டோம். தொடக்கத்தில் அடிக்க முடியாமல்போய் இறுதியில் அடிப்பதென்றால் பலகையைத் தலைகீழாகப் பிடியுங்கள். இரண்டு கேமராக்கள் ஓடினால், இரண்டும் பலகையைப் பார்க்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று பார்க்கவில்லையென்றால் அதற்குத் தனியாக ஒருமுறை அடிக்கத்தான் வேண்டும்.

தொடர்ச்சிக் குறிப்பில் புதியவர்கள் உடையையும் நகையையும் மட்டும் எழுதுகிறார்கள். எங்களுக்குத் தேவைப்படுவது அசைவு: எந்தச் சொல்லின்போது குவளையை எடுத்தார், எந்தக் கையால், குடித்தபின் எவ்வளவு மிச்சமிருந்தது, எந்தத் தோள்பட்டை வழியாகத் திரும்பினார். பெரும்பாலான வெட்டுகளை அசைவின் நடுவேதான் வைக்கிறோம் என்பதால், அகலமான ஷாட்டிலும் அண்மைக் காட்சியிலும் அந்த அசைவு ஒரே சொல்லில் நிகழாவிட்டால் வெட்டுவதற்கு இடமே இருக்காது. ‘கட்’ சொன்னதும் நடிகர்கள் கலைவதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

ஒலிப்பதிவாளர் காலியான அறையின் ஓசையை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதியக் கேட்கும்போது, எல்லாரையும் அசையாமல் நிற்கவைப்பது உங்கள் பிரிவின் வேலை. உரையாடலுக்கிடையே நாங்கள் வெட்டும் ஒவ்வொரு இடத்தையும் அந்த ஓசையை வைத்துத்தான் அடைக்கிறோம்.

மறுமொழி 3: ஸ்டுடியோ தள மேலாளர்

மேலே சொன்னவை நெடுந்தொடருக்குப் பொருந்தும். நாளை நீங்கள் நேரலை நிகழ்ச்சிக்கோ பல கேமரா ஸ்டுடியோவுக்கோ மாறினால், அங்கே கிளாப் பலகையைப் பார்ப்பது அரிது. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் இயக்குநரின் குரல் காதில் மாட்டிய ஒலிக்கருவியில் வரும். அதைத் தளத்திலிருப்பவர்களுக்குச் சைகையால் கடத்துவது எங்கள் வேலை. கடைசி எண்ணிக்கையில் 5, 4, 3 வரை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, 2, 1 ஆகியவற்றை விரலால் மட்டும் காட்டுவது பொதுவான வழக்கம், ஏனெனில் அந்நேரம் மைக்குகள் திறந்திருக்கலாம். கேமராவின் மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் அதன் படம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள், குறுக்கே நடக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் முதலாமவருடன் எனக்கு உடன்பாடில்லை. பிரிவு எதுவாக இருந்தாலும், நடைபாதையில் உரிந்த மின்கம்பியையோ பிடிப்பு தளர்ந்த விளக்கையோ கண்டால், யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். தொடாமல், உரக்கச் சொல்லுங்கள். ஷாட் ஓடிக்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள்.

கேள்வியாளர்:

மிக்க நன்றி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பதிவான மெமரி கார்டுகளைக் கேமராவிலிருந்து நகலெடுக்கும் மேசைக்குக் கொண்டு செல்லும்படி சில நேரங்களில் என்னிடம் தருகிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1: இணை இயக்குநர்

மூன்றாமவர் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். ஆபத்துக்குப் பிரிவு கிடையாது.

கார்டைப் பொறுத்தவரை, முடிந்தால் அந்த வேலையை மறுத்து, கேமரா உதவியாளரையே கொண்டுபோகச் சொல்லுங்கள். மறுக்க இயலாவிட்டால், பதிவான கார்டின் மேல் எண்ணெழுதிய ஒட்டுநாடா இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். காலிக் கார்டையும் பதிவான கார்டையும் ஒரே பையில் போடாதீர்கள். வழியில் வேறு எந்த வேலை சொன்னாலும் ஏற்காமல் நேரே போய், மேசையில் வைத்துவிட்டு வராமல், பொறுப்பாளரின் கையில் கொடுத்து, எந்த எண் என்பதை அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். குறைந்தது இரண்டு நகல்கள் எடுத்துச் சரிபார்க்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது. சரிபார்த்தாயிற்று என்று சொல்லும் அதிகாரமும் உங்களுக்கில்லை, அவருக்கு மட்டுமே உண்டு. அவசரம் என்று கேமரா பக்கமிருந்து யாராவது ‘காலியாகிவிட்டதா?’ என்று உங்களைக் கேட்டால், ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்லாதீர்கள்.