புதுப்பிப்பு: எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையர் கிடைத்துவிட்டது

காரைக்குடி வீட்டில் குவாட் ஈ.எஸ்.எல்.-57 என்ற எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரை (கூம்புக்குப் பதில் மின்னூட்டிய மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தருவது) இணைத்தால், வயலின் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபையர் அணைந்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

“வாட்டைப் பார்க்காதீர்கள், 2 ஓம் சுமையைத் தாங்குமா என்று பாருங்கள்” என்ற யோசனைதான் பலித்தது. இந்த ஸ்பீக்கர் மின்தேக்கி போன்றது. அதிர்வெண் ஏற ஏற அதன் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை, ஓமில் அளப்பது) சரிந்து, 20 கிலோஹெர்ட்ஸ் அருகே ஏறக்குறைய 2 ஓமுக்கு வந்துவிடும். தடை குறைந்தால் ஆம்ப்ளிஃபையர் அதிக மின்னோட்டம் தர வேண்டும்; பழையது அங்கேதான் திணறியது. 2 ஓமிலும் நிலைகுலையாத 30 வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். மூன்று வாரமாக ஒருமுறைகூட அணையவில்லை. வில் நரம்பில் உரசும் மெல்லிய கரகரப்புகூடக் கேட்கிறது. அதிக வாட் ஆசை வேண்டாம்: உச்ச மின்னழுத்தம் 33 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே பொறி பறந்து, ஒலி எழுப்பும் பேனல் கெட்டுவிடும்.

எதிர்பாராதது எதிரொலி. பின்புறமும் ஒலி வருவதால் ஆத்தங்குடித் தரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் பட்டுத் திரும்பியது. சுவரிலிருந்து நான்கடி தள்ளி வைத்து, ஜமுக்காளம் விரித்தபின் அடங்கியது.