ஆறடிப் பவளத் தொட்டி: 14 ஆம் மாடியில் வைக்கலாமா?

ரெலாவ் வாசி (பினாங்கு)

வணக்கம். நான்கு ஆண்டுகளாக இரண்டரை அடித் தொட்டி ஒன்றில் கோமாளி மீன்களும் சில மென்பவளங்களும் வளர்த்து வருகிறேன். ரெலாவில் வாங்கிய கொண்டோமினிய வீட்டின் சாவி சென்ற மாதம் கைக்கு வந்தது. வீடு 14 ஆம் மாடியில் இருக்கிறது. கூடத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவிலுள்ள சுவரை ஒட்டி, 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு பவளத் தொட்டி வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மனைவி சம்மதித்துவிட்டார், நீரைக் குளிர்விக்கும் சில்லரின் இரைச்சல் கூடத்தில் கேட்கக்கூடாது, ஒரு வயர்கூடக் கண்ணில் படக்கூடாது என்பவை மட்டுமே அவருடைய நிபந்தனைகள்.

தளம் இந்த எடையைத் தாங்குமா என்பதுதான் முதல் கவலை. அடுத்தது, சில்லரைத் துணி துவைக்கும் யார்டில் வைத்துக் குழாயை ஏறத்தாழ 7 மீட்டர் இழுத்தால் அது ஒழுங்காக வேலை செய்யுமா என்பது. தஞ்சோங் பூங்காவிலோ பத்து பெரிங்கியிலோ கடல்நீர் எடுத்துவந்து ஊற்றினால் உப்புச் செலவு மிச்சமாகும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அதையும் கேட்டுவிடுகிறேன். விளக்கு, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், பம்ப் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கும் வசதி எனக்கு இல்லை. எதற்கு முதலில் பணம் போட வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கான்கிரீட் கணக்கன் (கோலாலம்பூர்)

நான் மீன் வளர்ப்பவன் அல்லன். கட்டட அமைப்புப் பொறியாளன். ஆகவே எடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் தொட்டியில் நீர் 56 செ.மீ. உயரம் நின்றால் கொள்ளளவு ஏறத்தாழ 625 லிட்டர். கடல்நீர் என்பதால் 640 கிலோ. 15 மி.மீ. கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டும் 150 கிலோ. பாறை, மணல், ஸ்டாண்ட், கீழே 150 லிட்டர் சம்ப் (துணைத் தொட்டி) எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்தம் 1,100 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. உங்கள் தொட்டியோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 கிலோவை இறக்குகிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், தளம் இடிந்து விழுந்துவிடும் என்று பயந்துவிடுகிறார்கள். அந்த 200 கிலோ, அறை முழுவதும் பரவியிருப்பதாகக் கொள்ளும் சுமை. ஒரு மூலையில் மட்டும் கூடுதலாக இருப்பதைத் தளம் எப்படி ஏற்கிறது என்பது, அடியில் பீம் எங்கே ஓடுகிறது, தூண் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு சொல்கிறேன். இருபுறமும் பூசப்பட்ட அரைச் செங்கல் சுவர் ஒன்று, 3 மீட்டர் உயரத்துக்குக் கட்டினால், மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 800 கிலோ எடை இருக்கும். உங்கள் தொட்டி மீட்டருக்கு 600 கிலோ சொச்சம். அதாவது நீங்கள் வைக்கப்போவது ஒரு செங்கல் சுவருக்குச் சற்றுக் குறைவான எடை. ஆனால் சுவருக்கு அடியில் பெரும்பாலும் பீம் இருக்கும். அதை ஒட்டி இரண்டடி தள்ளி நிற்கும் உங்கள் தொட்டிக்கு அடியில் வெறும் ஸ்லாப் மட்டும் இருக்கலாம். ஆகவே கட்டட நிர்வாக அலுவலகத்தில் அமைப்பு வரைபடத்தைக் கேட்டுப் பெறுங்கள். பீமின் மேல், இயன்றவரை தூணுக்கு அருகில் நீளவாக்கில் நிறுத்த முடிந்தால் நல்லது. அறையின் நடுவில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வரைபடத்தைப் பார்த்து, பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் கையொப்பத்தோடு எழுதிக்கொடுப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. இணையத்தில் நான் எழுதுவது அதற்கு ஈடாகாது. தரை ஓடுகளையும் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்கும் ஓட்டின் மேல் ஸ்டாண்டின் கால் நின்றால் ஓடு உடையும், தொட்டி சாயும். கால்கள் வைத்த ஸ்டாண்டைவிட அடிப்பகுதி முழுவதும் தரையில் படியும் ஸ்டாண்ட் மேல்.

ஆயர் ஈத்தாம் உப்புநீர் (பினாங்கு)

பொறியாளர் ஐயா எடையைப் பார்த்துக்கொண்டார். என் வீடு தரைத்தள டெரஸ் வீடு என்பதால் அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 11 ஆண்டுகளாக ஐந்தடித் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் மற்றவற்றை எழுதுகிறேன், தம்பி.

முதலில் வெப்பம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் ஹீட்டர் வாங்கு என்று இருக்கும். நமக்கு அது தேவையே இல்லை. பகலில் 31, 32 டிகிரி இருக்கும் ஊரில் நீரை 26 டிகிரியில் நிறுத்த வேண்டும் என்பதுதான் நம்முடைய பாடு. உங்கள் அமைப்பில் சம்ப் உட்பட 800 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 0.9 கிலோவாட் மணி வெப்பம் வெளியேற வேண்டும். நீருக்குள் மூழ்கி 150 வாட் இழுக்கும் பம்புகள் நாள் முழுவதும் ஓடினால் 3.6 கிலோவாட் மணி ஆகிறது. அதில் பெரும்பகுதி நீருக்கே வெப்பமாகப் போகிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் ஒரே நாளில் நான்கு டிகிரி ஏற அதுவே போதும். மலிவான ஏ.சி. (மாறுமின்னோட்ட) பம்பை வாங்கி, அது சூடாக்கிய நீரைக் குளிர்விக்கச் சில்லருக்கு மின்கட்டணம் கட்டும் வேடிக்கையை நானே மூன்று ஆண்டுகள் செய்திருக்கிறேன். குறைந்த மின்சாரம் இழுக்கும் டி.சி. (நேர்மின்னோட்ட) பம்புக்கு முதலில் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது.

சில்லரை யார்டில் வைப்பது சரியான முடிவு. அது நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை வெளியே கக்கும் பொறி. கூடத்தில் வைத்தால் அந்த வெப்பத்தை வீட்டு ஏர்கான் இரண்டாவது முறை சுமக்க வேண்டும். ஏழு மீட்டர் குழாய் ஒரு தடையல்ல. ஆனால் சில்லருக்கென்று தனிப் பம்ப் வையுங்கள், முழங்கை வளைவுகளைக் குறையுங்கள், ஏர்கான் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை உறையை இரு குழாய்களுக்கும் போடுங்கள். இல்லையேல் வழியெங்கும் வியர்த்துச் சுவர் ஊறும். இந்த அளவுக்கு அரை குதிரைத்திறன் சில்லர் எல்லைக்கோட்டில்தான் நிற்கும். ஒரு படி பெரியதாக வாங்கினால் அது இளைப்பாற நேரம் கிடைக்கும். மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது இங்குள்ள ஈரக் காற்றில் இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் உதவுவது அபூர்வம்.

அடுத்து மின்சாரம். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு ஈப்போவிலுள்ள மாமனார் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அன்றிரவு இங்கே இடியும் மின்னலும் வெளுத்து வாங்கியதில் வீட்டின் இ.எல்.சி.பி. (மின்கசிவுக் காப்பு சுவிட்ச்) விழுந்துவிட்டது. தூக்கிவிட ஆள் இல்லை. மறுநாள் மாலை கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறியது நாற்றம். தொட்டி முழுக்கப் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. டேங் மீன்கள் இரண்டும் மணலில் கிடந்தன. ஒரே ஒரு கோமாளி மீன் மட்டும் ஓவர்ஃப்ளோ (நீர் வழிந்து சம்புக்கு இறங்கும் தடுப்பு) மூலையில், நீர் மட்டத்தோடு வாயை ஒட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. நீரோட்டமும் காற்றும் நின்றால், சூடேறிய நீரில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அதன்பின் வயர்மேனை அழைத்து, தொட்டிக்கென்று டி.பி. (மின்பகிர்வு) பெட்டியிலிருந்து இரண்டு தனி இணைப்புகளை, ஒவ்வொன்றுக்கும் அதற்கான 30 மில்லிஆம்ப் இ.எல்.சி.பி.யோடு போடச் சொன்னேன். சில்லரும், சம்பிலிருந்து நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்பும் ஒன்றில். தொட்டிக்குள் நீரை அசைக்கும் வேவ்மேக்கரும் ஸ்கிம்மரும் மற்றொன்றில். ஒன்று விழுந்தாலும் மற்றொன்றால் நீர் அசையும். மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்றும் தொங்குகிறது. மொத்தச் சாமான்களில் மிக மலிவானது அதுதான். உப்பு நீரில் கைவிடும் வேலை என்பதால், இ.எல்.சி.பி. இல்லாத இணைப்பில் எதையும் செருகாதீர்கள்.

இனி சம்ப். உங்களுக்குக் கீழே 13 வீடுகள் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்து இதைப் படியுங்கள். தொட்டியின் பரப்பு 183 செ.மீ. × 61 செ.மீ.; ஆக, ஒரு செ.மீ. நீர் இறங்கினால் 11 லிட்டர். பம்ப் நின்றதும் ஓவர்ஃப்ளோ விளிம்பு வரை 3 செ.மீ. இறங்கும், குழாய்களில் உள்ளதும் சேரும். 40 லிட்டர் சம்புக்கு வந்து நிற்கும். இது வழக்கமான கணக்கு. ஆனால் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால், அது சைஃபனாக மாறி 110 லிட்டரைத் திரும்ப இழுத்துவிடும். எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்குத் தொட்டி செய்துகொடுத்த கடை இதைக் கவனிக்கவில்லை. கீழ்வீட்டுக் கூரைப் பலகை விழுந்து அவர் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வாயை மட்டத்தை ஒட்டி வையுங்கள். நீர் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வை நம்ப வேண்டாம். ஒரு நத்தை ஓடு போதும் அது மூடாமல் போக. இறங்கு குழாய் இரண்டு வையுங்கள்: ஒன்று முழு சைஃபனாக ஓட, மற்றொன்று அடைப்பு நேர்ந்தால் காப்பாற்ற.

செந்தூல் மீன்பிரியன் (கோலாலம்பூர்)

ஒரு மாற்றுக் கருத்து. நாலடி நீளம், இரண்டடி அகலம், 20 அங்குல உயரம் என்றால் 370 லிட்டர்தான். எடை, மின்கட்டணம், உப்பு எல்லாம் ஏறத்தாழ பாதி. சுத்தியல் பவளமும் பட்டன் பவளமும் வளர்க்க அது தாராளம். நீலநிற டேங் மீன் வேண்டும் என்றால் மட்டும் ஆறடி தேவை. அது நாள் முழுவதும் நீந்தும் மீன், நாலடியில் அதை அடைப்பது பாவம்.

மற்றொன்று: ஆறடித் தொட்டியும் அதைத் தூக்கும் ஆட்களும் உங்கள் கட்டட லிஃப்டுக்குள் அடங்குவார்களா என்று அளந்தீர்களா? என் நண்பர் தொட்டியைச் செய்து கொண்டுவந்த பிறகுதான் அளந்தார்; ஆறு பேர் ஒன்பது மாடி படியேறினார்கள்.

ரெலாவ் வாசி

அனைவருக்கும் நன்றி. நிர்வாக அலுவலகத்தில் வரைபடம் பார்க்கக் கிடைத்தது. நான் நினைத்த சுவர் பின்னாளில் எழுப்பிய தடுப்பாம். அடியில் பீம் இல்லை. ஆனால் பால்கனியை நோக்கிய பக்கச் சுவருக்கு அடியில் பீம் ஓடுகிறது, முனையில் தூணும் இருக்கிறது. பொறியாளர் ஒருவர் அடுத்த வாரம் வந்து பார்க்கிறார். சாமான் லிஃப்டில் தொட்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் ஏறும்.

இந்தச் சுவரில் மாலை வெயில் ஒரு மணி நேரம் படுகிறது. அது கெடுதலா? கடல்நீர் பற்றியும் இன்னும் யாரும் சொல்லவில்லையே, அண்ணன்.

ஆயர் ஈத்தாம் உப்புநீர்

வெயில் பாசியையும் வெப்பத்தையும் கூட்டும்; தடித்த திரை போட்டால் போதும், தம்பி.

கடல்நீரை மறந்துவிடுங்கள். இங்கே கரையோரத்தில் மூடா ஆறும் பிறாய் ஆறும் கொண்டுவரும் நன்னீரும் சேறும் கலக்கின்றன. உப்படர்த்தி, பவளத்துக்கு வேண்டிய கிலோவுக்கு 35 கிராமுக்குக் கீழேதான் இருக்கும், மழைக்குப் பிறகு இன்னும் இறங்கும். உங்களுக்கு முதல் நிரப்பலுக்கு 30 கிலோ உப்பும், வாரம் 80 லிட்டர் மாற்றினால் 3 கிலோவும் ஆகும். அதைவிட முக்கியம் உப்பைக் கரைக்கும் நீர். குழாய்நீரை ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு) கருவியில் வடித்து, பிறகு மிச்ச உப்புகளை நீக்கும் டி.ஐ. ரெசினில் விட்டு, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டினால் மட்டும் பயன்படுத்துங்கள். நாள்தோறும் ஆவியாகும் நீரை ஈடுகட்டவும் இதே நீர்தான், உப்பு நீர் அல்ல.

பணத்தை எந்த வரிசையில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். தொட்டி, குழாய் வேலை, மின் இணைப்பு, சில்லர், ஆர்.ஓ., இவை பின்னால் மாற்ற முடியாதவை அல்லது மாற்றினால் இருமடங்கு செலவாகுபவை. ஸ்கிம்மரும் வேவ்மேக்கரும் அடுத்து. விளக்கைக் கடைசியாக வாங்குங்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பாறையில் குடியேறி, அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிச் சுழற்சி முடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்தக் காலத்தில் பாறைக்கு விளக்கு எதற்கு? பின்னர் மென்பவளமும் சுத்தியல் பவளமும் வைக்க நடுத்தர விளக்கு போதும். அக்ரோபோரா (வலுவான ஒளி கேட்கும் கிளைக் கல்பவளம்) ஆசை இருந்தால் ஓராண்டு பொறுங்கள். காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் லிட்டருக்கு 420 மி.கி. என்று மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்தக் கைப்பழக்கம் வந்த பிறகு அதற்கேற்ற விளக்கைப் பார்க்கலாம்.

பவளம் வாங்கும் கடையில் இறக்குமதி அனுமதி பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். கல்பவளங்கள் சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ளவை. கெடா கடலிலுள்ள பாயார் தீவுக்குச் சுற்றுலா போய் ஒரு சிறு கல்லைப் பையில் போட்டுவரும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அது கடல் பூங்கா, 1985 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

உப்பு போடுவதற்கு முன், வெறும் நன்னீரில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது சம்பில் நீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். எல்லா சுவிட்சையும் அணைத்து, நீர் இறங்கி ஓயும்வரை காத்திருந்து, சம்ப் விளிம்புக்கு இன்னும் எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு விரலுக்குக் குறைந்தால் நீரைக் குறைத்து, அந்தக் கோட்டைக் கீழே இறக்கி மறுபடியும் செய்யுங்கள். இரவில் ஒரு முறையும் செய்யுங்கள். குழாய் காற்றை இழுக்கும் சத்தம் வீடு அடங்கிய பிறகுதான் கேட்கும், உங்கள் மனைவியின் நிபந்தனை நிறைவேறுமா என்பதும் அப்போதுதான் தெரியும்.