போடிமெட்டு ஏற்றம், வீட்டில் 15 ஆம்ப் பிளக்: எலக்ட்ரிக்கா, ஹைப்ரிடா? சார்ஜரில் சிவப்பு விளக்கு வேறு எரியுது

கீழபோடி

எல்லாருக்கும் வணக்கம். வீடு போடியில், ஏலத்தோட்டம் போடிமெட்டு தாண்டி கேரளாவுல பூப்பாறைப் பக்கம். வாரத்துக்கு மூணு நாள் காலையில் மேலே போய் சாயங்காலம் இறங்கணும், போக வர 80 கி.மீ. வரும். மாசம் ரெண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரி, அது 180 சொச்சம். மத்ததெல்லாம் பள்ளிக்கூடம், சந்தை. மொத்தம் மாசம் 1500 கி.மீ. அஞ்சு பேர் குடும்பம். மாமியாருக்கு முழங்கால் வலி. சில நாள் ரெண்டு மூட்டை ஏலக்காயும் ஏறும்.

ஆன்ரோடு 20 லட்சம் வரை போகலாம். மனசுல இருக்கிறது எலக்ட்ரிக்ல நெக்சான் இவி 45, விண்ட்சர்; இல்லைனா பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுற ஹைரைடர் ஹைப்ரிட். ஷோரூம்ல "ஹைப்ரிட் 27 குடுக்கும், இறக்கத்துல பேட்டரி தானா நிரம்பிக்கும், மலைக்கு அதுதான்"னு அடிச்சுச் சொல்றாங்க.

இன்னொரு சிக்கல். உறவுக்காரர் எலக்ட்ரிக் வண்டியோட வந்தப்ப எங்க வீட்டு 15 ஆம்ப் பிளக்ல அவரோட சார்ஜரைச் சொருகினா சிவப்பு விளக்கு எரியுது, சார்ஜ் ஏறலை. மாடியில இருக்கிற பிளக்லயும் அதேதான். பக்கத்துத் தெருவுல அதே சார்ஜர் நல்லா வேலை செய்யுது. ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் எங்க வீட்டுல ஓடுதே, அப்புறம் இது மட்டும் ஏன்?

பதினேழாம்வளைவு

ஷோரூம்ல சொன்னது பாதி உண்மை. எந்தப் பாதினு கணக்குப் போட்டுப் பாத்துருவோம்.

போடியில இருந்து போடிமெட்டு சுமார் 26 கி.மீ., 17 கொண்டை ஊசி, உயர வித்தியாசம் ஏறக்குறைய 1000 மீட்டர். ஆள், சாமானோட 1800 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க 4.9 யூனிட் வேணும். டயர், காத்து இழுக்கிறதுக்கு ஒரு 1.5. மோட்டார் இழப்பு, ஏசி எல்லாம் சேர்த்தா பேட்டரியில இருந்து 8 யூனிட் போகும். 45 யூனிட் பேட்டரியில அது 18 சதவீதம். மெட்டுல நின்னு மீட்டரைப் பாத்தா பயமா இருக்கும், ஏன்னா அந்த 26 கி.மீ.க்கு ரேஞ்சுல 70, 80 கி.மீ. குறைஞ்சிருக்கும். பயப்பட வேண்டாம். இறங்குறப்ப டயரும் காத்தும் தின்னது போக மீதி 3.4 யூனிட்ல முக்கால்வாசி, அதாவது 2.5 யூனிட் திரும்பி வரும். பூப்பாறை வரை போய்த் திரும்ப மொத்தம் 10 யூனிட்டுக்குள்ள முடிஞ்சிரும்.

இப்ப ஹைப்ரிட். ஹைரைடர் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். அதையும் முழுசா காலி பண்ணவோ நிரப்பவோ வண்டி விடாது. நடுவுல ஒரு பாதியை வச்சுத்தான் புழங்கும். ஏத்தத்துல ரெண்டு மூணு வளைவுல அது தீர்ந்துரும். அப்புறம் 1.5 லிட்டர், மூணு சிலிண்டர் இன்ஜின் தனியா முக்கிக்கிட்டுப் போகும். அதே 6.4 யூனிட் வேலைக்குப் பெட்ரோல் ரெண்டு லிட்டர் ஆகும். ஏத்தத்துல மட்டும் லிட்டருக்கு 12, 13தான். இறங்குறப்ப மேல ரெண்டு வளைவுலயே பேட்டரி நிரம்பிரும். மிச்ச இறக்கம் பூரா வர்ற சக்தி வீண். கியரை "B"க்குத் தள்ளி இன்ஜின் பிரேக்ல இறக்கணும், இல்லைனா பிரேக் காஞ்சு வாடை வரும். 27ங்கிறது சோதனைக்கூடத்துல எடுத்த கணக்கு. மதுரைக்குள்ள நிஜமாவே நல்லா குடுக்கும். மெட்டுக்கு அது பொருந்தாது.

ரெண்டுமனசு

ஹைப்ரிட்டை அப்படி ஒரேயடியா ஒதுக்கிற வேண்டாம்ணே. ஜூன், ஜூலை மழையில மேலே ரெண்டு நாள் கரண்ட் இல்லைனாலும் பெட்ரோல் வண்டி நிக்காது. ரோட்டுல மண் சரிஞ்சு குமுளி சுத்தி வரச் சொன்னாலும் கவலை இல்லை.

பதினேழாம்வளைவு

நியாயம்தான் தம்பி. ஆனா அதுக்காக வாரத்துக்கு மூணு நாள் ஏத்தத்துல 12 கி.மீ. மைலேஜை ஏத்துக்கணுமா? பேட்டரி 40 சதவீதத்துக்குக் கீழ போகாம வச்சுக்கிட்டா அந்தச் சுத்தும் சமாளிக்கலாம்.

வரியையும் பாக்கணும். 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் ஜிஎஸ்டி எலக்ட்ரிக்குக்கு 5 சதவீதம். ஹைரைடர் மாதிரி நாலு மீட்டர் நீளத்தைத் தாண்டின ஹைப்ரிட்டுக்கு 40. அதுக்கு மேல தமிழ்நாட்டு வாழ்நாள் வரி, 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். எலக்ட்ரிக்குக்கு அந்த வரியில விலக்கு குடுத்துட்டு வர்றாங்க. பதிவு பண்ற தேதியில அது நடப்புல இருக்கானு ஆர்டிஓ ஆபீஸ்லயே கேட்டுக்கோங்க, விற்கிறவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். அப்புறம், தோட்டம் கேரளாவுல இருக்குன்னு வண்டியை அங்கேயே நிரந்தரமா நிறுத்தினா 12 மாசத்துக்குள்ள கேரளாப் பதிவு மாத்தணும். போய் வந்துட்டு இருந்தா பிரச்சினை இல்லை.

மெயின்சுவிட்ச்

கீழபோடி சார், கார் எதுங்கிறது அப்புறம். முதல்ல அந்தச் சிவப்பு விளக்கு. ரெண்டு பிளக்லயும் வருது, பக்கத்துத் தெருவுல வரலை. அப்ப சார்ஜர்ல கோளாறு இல்லை, உங்க வீட்டு எர்த்துலதான். ஃப்ரிட்ஜும் மோட்டாரும் எர்த் இல்லாமலே ஓடும், கேட்காது. கார் சார்ஜர் உள்ள ஏறுறதுக்கு முன்னாடியே எர்த்தைச் சோதிச்சுப் பாத்து, இல்லைனா மறுத்துரும். அது கோளாறு இல்லை, அதோட வேலையே அதுதான்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு எலக்ட்ரீஷியனை மூணு அளவு எடுக்கச் சொல்லுங்க: பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். முதல் ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும், மூணாவது 2, 3 வோல்ட்டுக்குள்ள. பிறகு 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல குடுத்துப் பாக்கட்டும். பளிச்சுனு எரியணும், மங்கினா எர்த் பலவீனம். மீட்டர் மட்டும் சில நேரம் பொய் சொல்லும், அதனாலதான் பல்பு. ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா வெட்டுற சுவிட்ச்) இருந்தா அந்தச் சோதனையில டிரிப் ஆகும், அது நல்ல சகுனம்.

ஒண்ணை மட்டும் செஞ்சிராதீங்க. "பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு ஒயர்ல சேத்துட்டா விளக்கு பச்சையாயிரும்"னு சொல்ற ஆளுங்க ஊருக்கு ஊர் உண்டு. பச்சை ஆகத்தான் செய்யும். ஆனா மழைக்காத்துல கம்பத்துல நியூட்ரல் கம்பி அறுந்துச்சுனா, வீட்டுல ஓடுற ஃபேன், டிவி வழியா 230 வோல்ட் அந்த ஒயர்ல புகுந்து கார் பாடிக்கு வந்துரும். ஈரத்தரையில நின்னு கதவைத் தொட்டா அவ்வளவுதான்.

கீழபோடி

அளவு எடுத்தாச்சு. பேஸ்–நியூட்ரல் 228. பேஸ்–எர்த் 141. நியூட்ரல்–எர்த் 86. பல்பு எரியவே இல்லை, மினுக்கலாக் கூட. ஆர்சிசிபி வீட்டுல கிடையாது.

மெயின்சுவிட்ச்

141ஐயும் 86ஐயும் கூட்டுங்க, 227 வருது. எர்த் ஒயர் மண்ணைத் தொடவே இல்லை, ரெண்டுக்கும் நடுவுல சும்மா தொங்குதுன்னு அர்த்தம். பழைய வீடா? அப்ப மீட்டர் போர்டுல இருந்து போற பச்சை ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்க. அந்தக் காலத்துல அதைத் தண்ணிக் குழாய் இரும்புல கிளாம்ப் போட்டு விட்டுருப்பாங்க. பிறகு யாராவது அந்தக் குழாயைப் பிவிசி ஆக்கியிருப்பாங்க.

கீழபோடி

அப்படியேதான்! கிணத்தடியில அரை அடி இரும்புக் குழாய்த் துண்டுல கிளாம்ப் இருக்கு. அதுக்குக் கீழ பூராம் பிவிசி.

மெயின்சுவிட்ச்

சரி, இப்ப செய்ய வேண்டியது. கார் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல புது எர்த். செம்பு பூசின 17 மி.மீ. ராடு, 3 மீட்டர் நீளம். போடியில கல்லும் சரளையும் இருக்கிறதால சும்மா அடிச்சா இறங்காது. துளை போட்டு இறக்கி, சுத்தி பெண்டோனைட் களிமண் கலவை போடச் சொல்லுங்க. எர்த் டெஸ்டர் வச்சு 5 ஓமுக்குக் கீழ வருதானு எழுதி வாங்குங்க. வரலைனா மூணு மீட்டர் தள்ளி இன்னொரு ராடு இறக்கி ரெண்டையும் இணைக்கணும். ராடு தலையில மூடி போட்ட சின்ன குழி வைங்க, கோடையில தண்ணி ஊத்தலாம்.

மெயின் போர்டுல இருந்து காருக்குன்னு தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு, வேற எதுவும் அதுல சேரக் கூடாது. 20 ஆம்ப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா விழுற சுவிட்ச்), கூடவே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, "ஏ" வகை. ஆர்சிசிபி எதுக்குனு நிறையப் பேர் கேப்பாங்க. எர்த் 4 ஓம் வந்தாலே நல்ல எர்த். ஆனா அதுல ஷார்ட் ஆனாலும் பாயறது 57 ஆம்ப்தான். 20 ஆம்ப் "சி" எம்சிபி உடனே விழணும்னா குறைஞ்சது 100 ஆம்ப் வேணும். அதுவரைக்கும் பாடியில கரண்ட் நிக்கும். ஆர்சிசிபி கண் இமைக்கிறதுக்குள்ள வெட்டிரும்.

பிளக்குக்கு நீலக் கலர் 16 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்க, அதுக்கேத்த பிளக் சார்ஜர்ல வருதானு கேட்டுட்டு. சாதா 15 ஆம்ப் சாக்கெட் எட்டு மணி நேரம் விடாம 13, 14 ஆம்ப் தாங்காது. பிளக்கோட பின் பழுப்பேறி உருக ஆரம்பிக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போகக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம் கழிச்சு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியலைனா கழட்டி ஸ்க்ரூவை இறுக்கணும்.

சுவத்துல மாட்டுற 7.2 கிலோவாட் சார்ஜர், அதான் வால் பாக்ஸ், வேணுமான்னு அடுத்துக் கேப்பீங்க. வேண்டாம். ராத்திரி 9 மணிக்குச் சொருகி 6 மணிக்கு எடுத்தா இதுலயே 24 யூனிட் ஏறும், உங்களுக்கு ஒரு நாள் தேவை 10. வால் பாக்ஸுன்னா மூணு பேஸ் சர்வீஸ், 6 சதுர மி.மீ. கேபிள்னு செலவு இழுக்கும்.

ரெண்டுமனசு

கரண்ட் பில்?

பதினேழாம்வளைவு

1500 கி.மீ.க்கு மாசம் 225 யூனிட், சார்ஜிங் இழப்போட 255. ரெண்டு மாச பில்லுல 510 கூடும். வீட்டு யூனிட்டோட சேந்து 500ஐத் தாண்டினதும் மேல்தட்டு விலைக்குப் போயிரும். அதனால யூனிட் 10 ரூபானு கூட்டியே போட்டாலும் மாசம் 2,550. ஹைப்ரிட் இந்தப் பாதையில சராசரி 17 குடுத்தா 88 லிட்டர், ஒன்பதாயிரம் ஆயிரும். மொட்டை மாடியில இடம் இருந்தா 3 கிலோவாட் சோலார் போடுங்க. மத்திய மானியம் 78,000. ஒரு நாளைக்கு 12 யூனிட் வரும், காரோட பங்கு அதுலயே அடங்கிரும்.

சீட்டுபெல்ட்டு

மாமியார் விஷயத்தை யாரும் தொடலையே. அவங்க வீட்டுல சிரமமில்லாம எந்திரிக்கிற நாற்காலியோட உயரத்தை டேப்ல அளந்துக்கிட்டு ஷோரூம் போங்க. கார் சீட் ஓரம் தரையில இருந்து எவ்வளவு உயரம்னு அதோட ஒப்பிடுங்க. பெட்ரோல் வண்டியை எலக்ட்ரிக்கா மாத்தின மாடல்கள்ல தரைக்கடியில பேட்டரி இருக்கிறதால பின் சீட்டுல முட்டி மேல தூக்கி நிக்கும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. அவங்களை இருபது நிமிஷம் உக்கார வச்சே பாத்துருங்க. விண்ட்சர்ல பின்னாடி இடம் தாராளம், சாய்வும் உண்டு.

மூட்டை ஏத்துறதா இருந்தா ஹைரைடர் ஹைப்ரிட் டிக்கியைத் திறந்து பாக்காம முடிவு பண்ணாதீங்க, பேட்டரி அங்கதான் இடம் பிடிச்சிருக்கு. எலக்ட்ரிக்ல ஸ்டெப்னி இருக்கானும் பாருங்க. இல்லைனா பஞ்சர் கிட் ஒண்ணை நம்பிப் பூப்பாறைக் கல்லுல போக வேண்டியிருக்கும். தோட்டத்துக்குள்ள ஜீப் பாதையில எந்த வண்டியையும் இறக்காதீங்க. பேட்டரிப் பெட்டி அடியில இடிச்ச தடம் இருந்தா வாரண்டியில தகராறு வரும்.

பதினேழாம்வளைவு

ஓட்டுறதைப் பத்தி ரெண்டு விஷயம். பேட்டரி 100ல இருக்கிறப்ப இறங்கினா ரீஜென், அதாவது வேகத்தைக் குறைச்சு அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்புறது, வேலை செய்யாது, சக்தி போக இடமில்லை. ஆக்சிலரேட்டரை விட்டா வண்டி பிடிக்கும்னு பழகின கால் அங்க ஏமாந்துரும். உங்க வீடு கீழ இருக்கிறதால இது தானா சரியாயிரும். பூப்பாறையில சார்ஜ் போட்டா மட்டும் 90ல நிறுத்துங்க. நெக்சானும் விண்ட்சரும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. வாரத்துக்கு ஒரு தரம் வீட்டுல 100 வரை போடணும், இல்லைனா மீட்டர் காட்டுற சதவீதம் தப்பும்.

மழையில இறங்குறப்ப ரீஜென்னை ஒரு படி குறைச்சுக்கோங்க. முன் சக்கரம் மட்டும் திடீர்னு பிடிச்சா ஈர வளைவுல வழுக்கும். பின்னாடி உக்கார்ற பிள்ளைங்க வாந்தி எடுக்கிறதுக்கும் பாதிக் காரணம் அந்தக் குலுக்கல்தான்.

கீழபோடி

எர்த் போட்டாச்சு. முதல் ராடு 9 ஓம், ரெண்டாவதும் சேத்தப்புறம் 3.8. பேஸ்–எர்த் 229, நியூட்ரல்–எர்த் 1.6. உறவுக்காரர் சார்ஜர் பச்சையா எரியுது. மாமியார் நாற்காலி 52 செ.மீ. வர்ற ஞாயித்துக்கிழமை டேப்போட கிளம்புறோம். நெக்சானையும் விண்ட்சரையும் மெட்டு வரைக்கும் டெஸ்ட் டிரைவ் கேட்டா விடுவாங்களா?

பதினேழாம்வளைவு

முந்தல் செக்போஸ்ட் தாண்டி நாலு வளைவு வரைக்கும் கேளுங்க, அது போதும். அஞ்சு பேரும் ஏறிக்கோங்க, ஏசியும் ஓடட்டும்.

மெயின்சுவிட்ச்

மாடி பிளக்குக்கும் அந்தப் புது எர்த்தை இழுத்துருங்க சார். கார் வர்றதுக்கு முன்னாடி வாஷிங் மெஷினுக்கு அது வேணும்.