மரிசா பரேதெஸ்: அந்த வரிசையில் நானும் நின்றேன்

2024 டிசம்பர் 17 அன்று ஸ்பெயின் நடிகை மரிசா பரேதெஸ் மாட்ரிட்டில் காலமானார். 78 வயது. மறுநாள் சாந்தா ஆனா சதுக்கத்தில் உள்ள தியாத்ரோ எஸ்பஞோல் நாடக அரங்கில் உடலை அஞ்சலிக்கு வைத்தார்கள். நான் இந்த ஊரில்தான் வேலை பார்க்கிறேன். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு பாட்டி. மார்க்கெட்டுக்குப் போன சக்கரப் பையோடு அப்படியே வந்திருந்தார், பையிலிருந்து கீரைத்தண்டு எட்டிப் பார்த்தது. "இவள் இந்தச் சதுக்கத்துப் பெண்" என்றார். உண்மைதான். 1946-இல் மரிசா பிறந்தது இங்கேதான். அப்பாவுக்கு பீர் ஆலையில் வேலை. அம்மா ஒரு கட்டடத்தின் போர்ட்டேரா: மாடிப்படி கூட்டி, தபால் வாங்கி வைத்து, வாசலைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சதுக்கத்திலேயே நாடக அரங்கு. ஸ்பானிஷ் கவிஞர் லோர்காவின் 'யெர்மா' நாடகம் 1934-இல் முதன்முதலாக மேடையேறிய அரங்கு அது. இன்று அதைப் பார்த்தபடி லோர்காவின் வெண்கலச் சிலை, கையில் பறக்கத் தயாரான ஒரு வானம்பாடியோடு நிற்கிறது. ரொம்ப நேரம் அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் அல்மொதோவாரின் 'தகோனெஸ் லெஹானோஸ்' ('தூரத்துக் குதிகால் செருப்புகள்', 1991) படத்தை நினைத்துக்கொண்டேன். மரிசா அதில் பெக்கி என்ற பாடகி. பல வருடம் கழித்து ஊர் திரும்பி, தான் பிறந்த தரையடி வீட்டிலேயே குடியேறுவாள். பெக்கியின் அப்பா அம்மாவும் போர்ட்டேரோக்கள்தான்! முதல் கச்சேரியில் பாடும் முன் மண்டியிட்டு மேடைப் பலகையை முத்தமிடுவாள். பலகையில் சிவப்பாக உதட்டுச் சாயத்தின் தடம். பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு துளிக் கண்ணீர் சரியாக அந்தத் தடத்தின் மேல் விழும். பாடும் குரல் பாடகி லூஸ் கசாலுடையது. ஆனால் அந்த முகத்தைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கே வராது.

உங்களுக்கும் இவரைப் பற்றி நினைவுகள் இருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவர் என்றால் ஊமா ரோஹோதான், 'தோதோ சோப்ரே மி மாத்ரே' (1999) படத்தின் நாடக நடிகை. ஸ்பானிஷில் ஊமோ என்றால் புகை. ஹாலிவுட் நடிகை பெட் டேவிஸைப் பார்த்துத்தான் புகைக்கக் கற்றேன் என்பாள், அதிலிருந்து வந்த பெயர். நாடக அரங்கின் வெளியே சுவர் முழுக்க அவள் முகம். அதன் முன்னால் மகனுக்காகக் காத்து நிற்கும் அம்மா, அந்த முகத்தில் ஒரு பொட்டு மாதிரி தெரிவாள்.

நான் பத்து வருடம் நாடகக் குழுவில் உடை, ஒப்பனை வேலை பார்த்தவள். அதனால் என் கண் ஒப்பனை அறைக் காட்சிகளில்தான் நிற்கும். மேடையிலிருந்து இறங்கி வந்த நடிகைக்கு உடம்பு களைத்திருக்கும், முகம் இன்னும் இறங்கியிருக்காது. கண்ணாடி முன்னால் உட்காரும் மரிசாவிடம் அது அப்படியே இருக்கிறது. பதினைந்து வயதில், 1961-இல், கொன்சிதா மோந்தெஸ் நாடகக் குழுவில் மேடையேறியவர் அல்லவா? அப்புறம் பல வருடம் தொலைக்காட்சி நாடகங்கள். உலகம் அவரைக் கவனித்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். நம் ஊரில் அந்த வயதில் அம்மா வேடம்தான் கொடுப்பார்கள். அவருக்கோ பெரிய வேடங்களெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. இதை நினைத்தாலே எனக்குத் தெம்பு வருகிறது.

*

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. 2000 முதல் 2003 வரை ஸ்பெயின் திரைப்பட அகாதெமியின் தலைவர் அவர். அகாதெமி கொடுக்கும் கோயா திரைப்பட விருதுகளின் 2003 விழாவில் நடிகர்கள் ஈராக் போருக்கு எதிராக "போர் வேண்டாம்" என்ற ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஆளும் கட்சிக்குப் பிடிக்கவில்லை. அதே மேடையில் தலைவராக நின்று, பண்பாட்டைக் கண்டு பயப்பட வேண்டாம், போரைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்ற கருத்தில் பேசினார். பதவியில் இருப்பவர் அதைப் பேசுவது லேசான காரியம் இல்லை. போட்டியில் ஒரு கோயா விருதுகூட அவருக்குக் கொடுக்கவில்லை. 2018-இல்தான் கௌரவ விருது கொடுத்தார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

*

எழுதியவர்களுக்கு நன்றி. தங்கச்சி, ஒப்பனை அறை பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். நீ சொன்னது சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தகோனெஸ் லெஹானோஸ்' படத்தில் பெக்கி சாவது அந்தத் தரையடி வீட்டில்தான். படுக்கையிலிருந்து பார்த்தால் சன்னல் வழியே தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். சின்ன வயதில் அம்மாவின் குதிகால் செருப்புச் சத்தம் தூரத்தில் தேயும்வரை தூங்க மாட்டேன் என்று பெக்கியின் மகள் அங்கே சொல்வாள். அஞ்சலி முடிந்து நடந்தே வீடு திரும்பினேன். வழியில் ஒரு பழைய கட்டடத்தின் தரையடிச் சன்னலில் விளக்கு எரிந்தது. அதைத் தாண்டும்வரை சத்தம் வராமல் நடந்தேன்.