முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவுக்கு கால் வீக்கம் வடியவே மாட்டேங்குது, எண்ணெய் போட்டு உருவலாமா?

ரங்கூன்_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 68, வலது முட்டி மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது வாரம் நடக்குது. காலையில பரவால்ல, சாயங்காலம் ஆனா கணுக்கால் வரைக்கும் உப்பிப்போய் விரலால அமுக்குனா குழி விழுது, பாதத்துகிட்ட நீலமும் மஞ்சளுமா வேற இருக்கு. முட்டிக்கு அடியில ரெண்டு தலகாணி வச்சுத்தான் படுக்க வைக்கிறோம், அப்பதான் வலி தெரியலங்கிறாங்க. கரண்ட் எப்ப வருது எப்ப போகுதுன்னே தெரியல, ஃப்ரிட்ஜுல ஐஸ் உறைய மாட்டேங்குது. பக்கத்து வீட்டு பாட்டி நல்லெண்ணெய் காய்ச்சி நல்லா உருவி விடு, வடிஞ்சிரும்ங்கிறாங்க. செய்யலாமா? செக்கப் அடுத்த வாரம்தான்.

மோல்மேன்_அண்ணன்:
தங்கச்சி, உருவ மட்டும் விடாதீங்க. உள்ள ரத்தம் கட்டியிருந்தா உருவுறப்ப அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிரலாம், உயிருக்கே ஆபத்து. என் அண்ணிக்கும் இதே ஆபரேஷன்தான், வீக்கம் மொத்தமா வடிய சில மாசம் ஆச்சு, மூணுலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஐஸுக்கு ஃப்ரிட்ஜ நம்பாதீங்க, பஜார்ல ஐஸ்கட்டி ஒரு துண்டு வாங்கி சாக்குல சுத்தி உடைச்சு, ரெண்டு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டுங்க, தையல்ல ஈரம் படக்கூடாது. காலுமேல துண்டு விரிச்சு அதுக்கு மேல 15, 20 நிமிஷம் வச்சா போதும், தோல்ல நேரா வைக்காதீங்க.

பெகு_நர்ஸக்கா:
எலும்பு வார்டுல வேலை பாத்தவ நான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேம்மா. மொதல்ல அந்த தலகாணிய முட்டிக்கு அடியிலருந்து எடுத்துருங்க. சுகமாத்தான் இருக்கும், ஆனா முட்டி மடங்கினபடியே இறுகிப்போச்சுன்னா அப்புறம் நேரா நீட்டவே வராது, நடக்கறப்ப நொண்டும். கெண்டைக்கும் குதிகாலுக்கும் அடியில வைங்க, முட்டி நேரா இருக்கணும், பாதம் நெஞ்சுக்கு மேல உசரத்துல இருக்கணும். நாற்காலியில கால தொங்கப்போட்டு நாள்பூரா உக்காந்திருந்தாலும் சாயங்காலம் வீங்கும். முழிச்சிருக்கிறப்ப மணிக்கு ஒருதரம் பாதத்த மேல கீழ பத்து தடவை ஆட்டச் சொல்லுங்க, கெண்டைச் சதை சுருங்கிச் சுருங்கித்தான் ரத்தத்த மேல தள்ளும். நீலம் மஞ்சள் பாத்து பயப்படாதீங்க, ஆபரேஷன்ல கசிஞ்ச ரத்தம் கீழ எறங்குது, அவ்வளவுதான்.

ஆனா கெண்டையில புதுசா வலி, தொட்டா சூடு, சிவப்பு, ராத்திரி பூரா கால தூக்கி வச்சும் காலையில வீக்கம் குறையாம இருக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே காட்டுங்க. மூச்சு வாங்குனாலோ நெஞ்சு வலிச்சாலோ ஒரு நிமிஷம்கூட தாமசிக்கக் கூடாது. காய்ச்சல், தையல்ல சீழ்னாலும் போகணும். ரத்தம் உறையாம இருக்க குடுத்த மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, அதுகூட கடையில கலந்து குடுக்கிற பொட்டல வலி மாத்திரைய சேர்க்கவே சேர்க்காதீங்க, வயித்துல ரத்தம் கசியும். பிரஷர் இருந்தா ஙப்பி (உப்பு போட்டு புளிக்க வச்ச மீன் விழுது), கருவாடு கொஞ்ச நாளைக்கு வேணாம், உப்பு நீர கோக்கும்.

ரங்கூன்_மகள்:
ரொம்ப நன்றிக்கா, அண்ணா. தலகாணிய மாத்தி வச்சாச்சு, மொதல்ல முணுமுணுத்தாங்க அப்புறம் தூங்கிட்டாங்க. கெண்டையில வலி, சூடு எதுவும் இல்ல. ஆனா பங்குனி திருவிழாவுக்கு பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் போயே ஆகணும்னு நிக்கிறாங்க, கூட்டிட்டுப் போலாமா?

பெகு_நர்ஸக்கா:
இந்த வருஷம் வேணாம்மா. வெயில்ல கூட்டத்துல மணிக்கணக்கா நிக்கணும், வண்டியில அவ்வளவு தூரம் கால மடக்கி உக்காரணும், யாராச்சும் இடிச்சா கீழ விழுந்துருவாங்க. வீட்டுல யாராவது போய் நேர்த்திக்கடன செலுத்திட்டு விபூதி வாங்கிட்டு வாங்க, முனியாண்டி கோவிச்சுக்க மாட்டாரு. வீட்டுக்குள்ளயே வாக்கர் புடிச்சு கொஞ்ச நேரம் நடக்கட்டும், உடனே படுத்து கால தூக்கி வைக்கட்டும், நடந்ததும் ஐஸ் வைங்க.