விரலைக் காப்பாத்துற டேபிள் சா: இப்பவே கூடுதல் காசு குடுக்கலாமா, போட்டி வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?

கராஜ்தச்சன் (ஆஸ்டின், டெக்சஸ்)

எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாளா சர்க்குலர் சாவும் ஒரு நேரான கட்டையும் வச்சு சமாளிச்சிட்டு இருக்கேன், ஒரு ஷீட் ப்ளைவுட்ட ஒழுங்கா அறுத்து எடுக்கறதுக்குள்ள பாதி சனிக்கிழமை போயிடுது, அதனால டேபிள் சா, அதாவது மேஜை நடுவுல வட்டப் பிளேடு நீட்டிட்டு இருக்கற அறுவை மெஷின், வாங்குறதுன்னு முடிவாயிடுச்சு. எதை வாங்குறதுங்கறதுலதான் குழப்பம்.

டிவால்ட் 7491, சக்கர ஸ்டாண்டோட சேத்து சுமார் 650 டாலர், 32 அரை இஞ்ச் அகலம் வரைக்கும் ரிப் பண்ணலாம் (நீளவாக்குல அறுக்கலாம்), டேடோ பிளேடும் (பலகைல பள்ளம் வெட்டற தடிமனான பிளேடு) போடலாம். இன்னொரு பக்கம் சாஸ்டாப் காம்பேக்ட், விரல் பட்டதும் பிளேட நிறுத்தற பிரேக் உள்ள மெஷின். 2021ல வந்தப்பவே 899, ஸ்டாண்ட் தனியா வாங்கணும், ரிப் 24 அரை இஞ்ச்தான், டேடோ கிடையாது. அவங்களோட ஜாப்சைட் ப்ரோவுக்குப் போனா 1500 தாண்டிடுது. அதாவது சின்ன மெஷினுக்குப் பெரிய மெஷின விட அதிக விலை, காரணம் அந்த பிரேக் மட்டும்தான்.

வீட்டுல அவங்க ஒரே பிடிவாதமா இருக்காங்க, விரல் பத்திரமா இருக்கற மெஷின்னா வாங்குங்க, இல்லன்னா வேண்டாம்னு. நான் மிருதங்கம் வாசிக்கிறவன், அதனால அவங்க சொல்றத தட்டவும் முடியல. கேள்வி என்னன்னா, இந்த டெக்னாலஜி வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஏன் ஒரே கம்பெனி கைல இருக்கு? பேட்டன்ட் முடியுது முடியுதுன்னு சொல்றாங்களே, இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் பொறுத்தா டிவால்ட், பாஷ் எல்லாம் இறங்கி விலை குறையுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

ஓரிகன்வாசி

தம்பி, இந்தக் கதைய நான் ஆரம்பத்துலேர்ந்து பாத்துட்டு வர்றேன், கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

இதைக் கண்டுபிடிச்சவர் ஸ்டீபன் காஸ், இந்த ஓரிகன்காரர்தான். இயற்பியல்ல டாக்டரேட், தொழில் பேட்டன்ட் வக்கீல். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்ததுதான் நீங்க இன்னிக்குக் குடுக்கற விலைக்கு மூல காரணம்னே சொல்லலாம். பிளேடுல ஒரு சின்ன எலக்ட்ரிக் சிக்னல் ஓடிட்டே இருக்கும், மனுஷ உடம்புல தண்ணியும் உப்பும் இருக்கறதால தோல் பட்டதும் சிக்னல் மாறும், உடனே ஸ்பிரிங் விடுபட்டு ஒரு அலுமினியக் கட்டை பிளேடு பல்லுல போய்க் குத்தி நிக்கும், 5 மில்லிசெகண்டுக்குள்ள பிளேடு நின்னு அந்த வேகத்துலயே டேபிளுக்குக் கீழ போயிடும். 2000ல அட்லாண்டா மரவேலைக் கண்காட்சில ஹாட் டாக்க வச்சு செஞ்சு காமிச்சாங்க, ஊரே அசந்து போச்சு.

முதல்ல அவங்க சா செய்யற எண்ணத்துலயே இல்ல. பெரிய கம்பெனிங்களுக்கு லைசென்ஸ் குடுத்துட்டு ராயல்டி வாங்கிக்கலாம்னுதான் அலைஞ்சாங்க. 8 சதவீதம் வரைக்கும் கேட்டதா அப்பவே பேச்சு. யாரும் எடுக்கல. விலை ஏறும், வேற காரணமும் சொன்னாங்க, ஆனா உள்ளுக்குள்ள இருந்த பயம் என்னன்னா, ஒரு மாடல்ல இதைப் போட்டுட்டா மத்த மாடல்ல ஏன் போடலன்னு கேஸ் வரும். அது வெறும் கற்பனை இல்ல, 2010ல பாஸ்டன்ல ஒரு ஜூரி ரியோபி சா செஞ்ச கம்பெனிக்கு 15 லட்சம் டாலர் நஷ்ட ஈடு போட்டது, இந்த மாதிரி பாதுகாப்பு இருக்கு தெரிஞ்சும் ஏன் வைக்கலங்கறதுதான் வாதம்.

யாரும் வாங்காததால 2004ல தாங்களே சா செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல தொழிற்சாலைக்கான பெரிய கேபினெட் சா, அப்புறம் படிப்படியா இறங்கி 2015ல ஜாப்சைட் சா 1299க்கு, 2021ல காம்பேக்ட். பாருங்க, மேலேர்ந்து கீழ வர பதினேழு வருஷம் எடுத்துருக்கு. எதிர்ல ஆள் இருந்திருந்தா இவ்ளோ வருஷம் எடுத்துருக்க மாட்டாங்க.

2017ல சாஸ்டாப் கம்பெனிய, ஃபெஸ்டூல்ங்கற ஜெர்மன் கருவி பிராண்டோட தாய்க் கம்பெனி வாங்கிடுச்சு. அதே வருஷம் நுகர்வோர் பாதுகாப்பு கமிஷன், எல்லா டேபிள் சாவுலயும் இது கட்டாயம்னு ஒரு விதிய முன்மொழிஞ்சாங்க, 2023ல திருத்தி மறுபடி வச்சாங்க. செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துல கை போனாலும் 3.5 மில்லிமீட்டருக்கு மேல வெட்டு விழக்கூடாது, அவ்ளோதான் நிபந்தனை, எந்த டெக்னாலஜின்னு சொல்லல. 2024 பிப்ரவரி விசாரணைல சாஸ்டாப் வந்து, விதி அமலுக்கு வந்தா 840னு முடியற அந்த முக்கியமான பேட்டன்ட்ட பொதுவுக்கு விட்டுடறோம்னு அறிவிச்சாங்க. அது 2033 வரைக்கும் உயிரோட இருக்கற பேட்டன்ட். மத்த கம்பெனிங்க சங்கம் என்ன சொன்னாங்கன்னா, ஒண்ணு விட்டா போதுமா, சுத்தி இன்னும் எத்தனையோ பேட்டன்ட் வேலி போட்டு வச்சிருக்கீங்களேன்னு. விதி சட்டமாகவே இல்ல, 2025ல கமிஷன் அதை வாபஸ் வாங்கிடுச்சு. ஆக, ஆரம்பகால பேட்டன்ட்டுங்க காலாவதி ஆயிட்டாலும் வழி முழுசா திறக்கல. ஒண்ணு ரெண்டு வருஷத்துல விலை சரியும்னு நம்பி நீங்க காத்திருக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

---

டொரொண்டோ கண்ணன்

மேல அண்ணர் நல்லா விளக்கமா எழுதியிருக்கிறார். ஒரு விசயம் விட்டுட்டார், அதை நான் சொல்லுறன்.

போட்டி ஒருக்கா வந்தது. பொஷ் (நீங்கள் சொல்லுற பாஷ்) கொம்பனியின்ர ரியாக்ஸ் எண்டு ஒரு டேபிள் சா, 2016இல கடைக்கு வந்தது, 1499 டொலர். அதில பிளேட்டை அலுமினியத்தால குத்தி நிப்பாட்டுறேல்ல, காரில எயார்பாக் வெடிக்கிற மாதிரி ஒரு காட்ரிட்ஜ் வெடிச்சு பிளேட்டைக் கீழ தள்ளும். பிளேட்டுக்கு ஒண்டும் நடக்காது, ஒரு காட்ரிட்ஜில ரெண்டு தரம் பாவிக்கலாம், திருப்பி வச்சுட்டு உடன வேலையைத் தொடங்கலாம். எங்களைப் போல ஆக்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு பாருங்கோ. சாஸ்டாப் வழக்குப் போட்டு, 2017 தொடக்கத்தில அமெரிக்க வர்த்தக ஆணையம் இறக்குமதியைத் தடை செய்திட்டுது. ஆனா அந்தத் தடை அமெரிக்காவுக்கு மட்டும்தான், கனடாவில அதுக்குப் பிறகும் வித்தவை. எல்லைக்கு அங்கால விக்கேலாத மெஷின் இஞ்ச கடையில நிண்டது.

நான் கிச்சன் கபினெற் செய்யிற ஷொப் ஒண்டில வேலை செய்யிறன். முந்தி வேலை செய்த இடத்தில ஒரு பெடியனுக்கு சுண்டுவிரலும் மோதிரவிரலும் போனது, பின்னேரம், கடைசி வெட்டு. இன்சூரன்ஸ் காசு வந்தது, ஆனா அவன் திரும்பி அந்த வேலைக்கு வரவே இல்லை. அதுக்குப் பிறகு நான் வேலை கேட்டுப் போற இடத்தில முதல் பாக்கிறது மெஷினைத்தான். உங்கட கேள்விக்கு என்ர பதில்: மிருதங்கம் வாசிக்கிற கைக்கு 300 டொலர் ஒரு காசே இல்லை.

---

நாற்பதுவருசத்தச்சு

எல்லாரும் பிரேக்கப் பத்தியே பேசறீங்க. நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

டேபிள் சாவுல கை போறதுக்கு முன்னாடி பெரும்பாலும் வேற ஒண்ணு நடக்குது, அதான் கிக்பேக். மரம் பிளேடோட பின்பக்கப் பல்லுல மாட்டி மேல ஏறி நம்மள நோக்கிப் பாயும், அந்த அதிர்ச்சில கை எங்க போகுதுன்னே நமக்குத் தெரியாது. வயித்துல, முகத்துல பலகை அடிச்சா சாஸ்டாப் ஒண்ணும் பண்ணாது, ஏன்னா அங்க தோல் பிளேடத் தொடவே இல்லையே. அதுக்கு ரைவிங் நைஃப்தான் (வெட்டுன பிளவு மூடாம பிளேடுக்குப் பின்னாடி நிக்கற தகடு) மருந்து, இப்ப வர்ற எல்லாப் புது சாவுலயும் அது இருக்கு, 650 டாலர் மெஷின்லயும் இருக்கு. ஆனா வாங்கின அன்னிக்கே கார்டையும் (பிளேடு மேல இருக்கற மூடி) நைஃபையும் கழட்டி ஷெல்ஃப்ல போட்டுடறாங்க. ஃபென்ஸ் (மரத்த ஒட்டித் தள்ளற நேர் சட்டம்) பிளேடுக்கு இணையா இருக்கான்னு பாக்கறதில்ல, ஃபென்ஸையும் வச்சுக்கிட்டு மைட்டர் கேஜையும் (குறுக்கு வெட்டுக்கு மரத்தப் பிடிச்சுத் தள்ளற கருவி) வச்சுக்கிட்டு ஒரே நேரத்துல குறுக்கு வெட்டு போடறாங்க, அது கண்டிப்பா கிக்பேக் குடுக்கற வேலை.

ரெண்டு மெஷினுக்கும் உள்ள விலை வித்தியாசத்துலயே நல்ல புஷ் பிளாக் (கைய பிளேடு கிட்ட விடாம மரத்தத் தள்ளற கட்டை) ரெண்டு, ஒரு ஃபெதர்போர்டு (மரத்த ஃபென்ஸோட அழுத்திப் பிடிக்கற சீப்பு மாதிரி பலகை), அறுத்த மரத்தத் தாங்கறதுக்கு பின்னாடி ஒரு அவுட்ஃபீட் டேபிள் எல்லாம் வாங்கிடலாம். மெஷின் பாத்துக்கும்னு நெனச்சு அசட்டையா நிக்கறவன் கைல குடுக்கறதவிட, பழக்கம் உள்ளவன் கைல சாதா மெஷின் குடுக்கறது மேல்ங்கறது என் கட்சி. அதுவும் இல்லாம, கட்டாயமாக்கிட்டா சின்ன காண்ட்ராக்டர் வாங்கற 200, 300 டாலர் சாவே கடைல இருக்காது. அப்ப அவன் என்ன செய்வான், சர்க்குலர் சாவத் தலைகீழா ஒரு பலகைல பூட்டி அறுப்பான். அது இன்னும் ஆபத்து.

---

ஸ்டுட்கார்ட்வேலன்

ஐரோப்பாப் பக்கம் ஒரு சின்ன தகவல். இங்க ஆஸ்திரியாவோட ஃபெல்டர் கம்பெனி பிசிஎஸ்னு ஒரு பாதுகாப்பு வசதி போடறாங்க, 2019 ஹனோவர் கண்காட்சில காமிச்சது. தொடவே வேண்டாம், கை வேகமா கிட்ட வந்தாலே மின்காந்தத்தால பிளேட எதிர்ப்பக்கம் தள்ளி சட்டுனு கீழ இறக்கிடுது, எதுவும் உடையாது, பட்டன அமுக்கிட்டு வேலையத் தொடரலாம். ஆல்டென்டார்ஃப்ங்கற கம்பெனி மெஷின்ல மேல கேமரா வச்சுக் கையப் பாத்து நிறுத்தறாங்க. அதனால விரலைக் காப்பாத்த வேற வழியே இல்லங்கறது சரியில்ல, வழி இருக்கு. ஆனா அதெல்லாம் ஸ்லைடிங் பேனல் சா (பெரிய ஷீட்ட நகர்ற மேஜைல வச்சு அறுக்கற தொழிற்சாலை மெஷின்), ஒரு கார் வாங்கற காசு, கராஜ்ல வைக்க முடியாது. குறைஞ்ச விலைலதான் போட்டி இல்லாம இருக்கு.

---

மீனாட்சி_சியாட்டில்

நாற்பதுவருசத்தச்சு ஐயா, கிக்பேக் பத்தி நீங்க சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டாம், புதுசா வர்றவங்க அத ரெண்டு தடவ படிக்கணும். ஆனா பழக்கம் இருந்தா போதும்ங்கறத மட்டும் என்னால ஒத்துக்க முடியல. அமெரிக்கால மட்டும் வருஷத்துக்கு சுமார் 30,000 பேர் பிளேடு பட்டு எமர்ஜென்சிக்குப் போறாங்கன்னு கமிஷன் கணக்கு, விரல் துண்டாகறது ஒரு நாளைக்குப் பத்து பேருக்கு. இத்தனை பேரும் அசட்டையா நின்னவங்களா? நான் ஃபிசியோதெரபிஸ்ட், கைக்கு சிகிச்சைக்கு வர்றவங்கள்ல பல வருஷம் மரவேலை செஞ்சவங்களும் இருக்காங்க. நரம்பு ஒட்ட வச்ச விரல்ல உணர்ச்சி திரும்ப மாசக்கணக்காகும், சிலருக்கு சட்டை பட்டன் போடற அளவுக்குக் கூட திரும்பறதில்ல. அதோட, சாஸ்டாப்லயும் ரைவிங் நைஃப், கார்டு எல்லாம் இருக்கே, ஒண்ணு வேணும்னா இன்னொண்ண விடணும்னு யாரும் சொல்லல.

கராஜ்தச்சன், காசுக் கணக்க நான் போட்ட விதம் இது. காம்பேக்ட்டோட அந்த 2021 விலை மேல ஸ்டாண்ட் சேத்தா டிவால்ட்ட விட 350லேர்ந்து 400 டாலர் கூட வரும். பிரேக் ஒரு தடவ வெடிச்சா அது இருக்கற காட்ரிட்ஜ மாத்தணும், சுமார் 100 டாலர், பிளேடும் பெரும்பாலும் போயிடும், நல்ல பிளேடுன்னா அது ஒரு 50, 100. நெஜமாவே கை பட்டு வெடிச்சதுன்னா, அந்தக் காட்ரிட்ஜ அவங்களுக்கு அனுப்பினா உள்ள இருக்கற டேட்டாவப் பாத்துட்டு புதுசு ஒண்ணு இலவசமா அனுப்பறாங்க. எமர்ஜென்சி ரூம் வாசல்ல கால வச்சாலே டிடக்டிபிள்னு (இன்சூரன்ஸ் தர்றதுக்கு முன்னாடி நாம கட்டற பங்கு) எவ்ளோ போகும்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்.

விலை நியாயமான்னு கேட்டா, இல்ல. போட்டி இருந்திருந்தா இது 600க்குக் கிடைச்சிருக்கும்னு நானும் நம்பறேன், பாஷ் மெஷின இங்க நிறுத்தினது எனக்கு இன்னிக்கும் கோவம்தான், பிளேடு கெடாத ஒரு நல்ல வழி அதோட இந்த ஊர்ல நின்னு போச்சு. இந்தப் பக்கம் இருபது வருஷமா லைசென்ஸ் எடுக்க மாட்டேன்னு உக்காந்திருந்த பெரிய கம்பெனிங்க மேலயும் அதே அளவு கோவம் இருக்கு. ஆனா அந்தச் சண்டைக்காக நம்ம கை காத்திருக்கக் கூடாது.

---

கராஜ்தச்சன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரம் எதிர்பாக்கல. காம்பேக்ட்தான்னு முடிவு பண்ணிட்டேன், டேடோவ ரவுட்டர்ல (மரத்துல பள்ளம் குடையற கை மெஷின்) போட்டுக்கறேன், பெரிய ஷீட்ட கடைலயே ரெண்டா அறுத்து வாங்கிக்கறேன். ஐயா சொன்ன புஷ் பிளாக், ஃபெதர்போர்டு ரெண்டும் அதே ஆர்டர்ல போகுது.

கடைசியா ஒரே ஒரு சந்தேகம். பின்பக்க டெக்குக்கு ப்ரஷர் ட்ரீட்டட் (உளுத்துப் போகாம மருந்து ஏத்தின) மரம் கொஞ்சம் அறுக்க வேண்டியிருக்கு, ஈரமா இருந்தா பிரேக் சும்மாவே வெடிக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, நெஜமா?

---

ஓரிகன்வாசி

நெஜம்தான். ரொம்ப ஈரமா, பச்சையா இருக்கற மரம் மின்சாரம் கடத்தும், அலுமினியம், பின்னாடி ஃபாயில் ஒட்டின ஷீட், முகம் பாக்கற கண்ணாடி மாதிரி இருக்கற லாமினேட் எல்லாமும் அப்படித்தான். அதுக்குத்தான் பைபாஸ் சாவி இருக்கு, அதைத் திருப்பி ஆன் பண்ணா அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் பிரேக் வேலை செய்யாது, மெஷின நிறுத்திட்டு மறுபடி போட்டா பிரேக் தானா திரும்ப வந்துடும். சந்தேகமான மரம்னா முதல்ல பைபாஸ்ல ஒரு வெட்டு போடுங்க, இது வெடிக்க வச்சிருக்குமா இல்லையான்னு விளக்கு காமிச்சிடும்.

ஆனா டெக் மரத்துக்கு என் யோசனை வேற: கட்டு பிரிச்சு நடுவுல துண்டுக்கட்டை வச்சு அடுக்கி கொஞ்ச வாரம் காய விடுங்க, உங்க ஊர் வெயிலுக்கு சீக்கிரமே காஞ்சிடும். அவசரம்னா அந்த மரத்த மட்டும் உங்க பழைய சர்க்குலர் சாவுலயே அறுத்துடுங்க. பைபாஸ்ல ஓட்டறப்ப அது சாதா டேபிள் சாதான்.